மூச்சைப் பிடிக்கச் சொன்ன குரல்

நஸீம் இலங்கையின் மேற்குக் கரையில், கற்பிட்டியில் சங்கு குளிப்பவர். தொண்ணூறாம் ஆண்டு வடக்கு முஸ்லிம்கள் எல்லோரோடும் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வள்ளத்தில் வந்திறங்கிய குடும்பத்துப் பிள்ளை. அகதி முகாமின் ஓலைக்கொட்டிலில் வளர்ந்து, மீசை முளைக்கும் முன்பே கடலடியில் இறங்கினார். யுத்தம் முடிந்து சொந்தக்காரர் பலர் மன்னாருக்குத் திரும்பியபோதும் அவர் போகவில்லை. இந்தக் கடலின் தரை தனக்கு மனப்பாடம் என்பார்.

நாற்பதைத் தாண்டியபோது கழுத்தில் கட்டி கண்டது. புற்றுநோய். மகரகம ஆஸ்பத்திரியில் மருந்தேற்றினார்கள். தலைமயிர் உதிர்ந்து திரும்ப முளைத்தது. கட்டி கரைந்துவிட்டது என்றார் டொக்டர். ஆனால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் எடுத்துப் பார்க்கவேண்டும். நோய் திரும்பினால் அதில்தான் முதலில் தெரியும்.

அந்த இயந்திரத்துக்குள் படுத்திருக்கும்போது ஒரு பெண்குரல் சிங்களத்தில் பேசும். மூச்சை இழுக்கச் சொல்லும், பிடித்துக்கொள்ளச் சொல்லும், பிறகு விடச் சொல்லும். பதிவுசெய்து வைத்த குரல். அறையில் ஆள் இருக்காது. முதல் தடவை நஸீம் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. இரண்டாவது ஸ்கேனுக்கு நாள் குறித்துக் கொடுத்த பிறகுதான் அந்தக் குரல் வீட்டுக்கு வந்தது.

மதியம் லுஹர் தொழுதுவிட்டுப் பாயில் சரிந்திருந்தார். மின்விசிறியின் இரைச்சலுக்குள் அந்தக் குரல் தெளிவாகக் கேட்டது. பிடித்துக்கொள்ளச் சொன்னது. பிடித்துக்கொண்டார். மனைவி ஹஃபீலா குசினியிலிருந்து வந்து பார்த்தபோது கண்ணைத் திறந்தபடி கிடந்தார். நெஞ்சு அசையவில்லை. அவள் தோளைப் பிடித்து உலுக்கியதும்தான் மூச்சு வந்தது.

"என்ன செய்யிது?"

"ஒண்டுமில்ல. கண்ணயர்ந்திட்டன்."

அதன்பிறகு ஹஃபீலா அவரைக் கவனித்தபடியே இருந்தாள். சோறு பிசையும் அவர் கை அப்படியே நிற்கும். வீட்டில் ஏதோ ஒரு சத்தம் குறைந்ததுபோல் இருக்கும். திரும்பிப் பார்த்தால் அது அவருடைய மூச்சு. கேட்டால் கதையை மாற்றிவிடுவார்.

ஸ்கேன் நெருங்கியது. டொக்டர் மறித்திருந்தும் கூட்டாளி நூஹுவின் வள்ளத்தில் கடலுக்குப் போனார். காற்றே இல்லாத நாள். கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. நஸீம் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இறங்க, நூஹு மேலே குமிழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். உச்சி வெயிலில் குமிழிகள் நின்றுபோயின. தண்ணீரில் ஒரு சுருக்கம்கூட இல்லை. நூஹு கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் குதித்தார்.

கீழே மணலில் நஸீம் முழங்காலிட்டிருந்தார். எதிலும் சிக்கியிருக்கவில்லை. சிலிண்டரில் காற்று இருந்தது, குழாயும் வாயிலேயே இருந்தது. விரிந்த கண்கள் எதிரே இருந்த வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தன. முகத்தில் பயம் இல்லை. தன் முறை வரட்டும் என்று ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்திருப்பவரின் முகம். நூஹு நெஞ்சில் குத்தியதும் ஒரு கொத்துக் குமிழி கிளம்பியது.

வள்ளத்தில் ஏற்றிய பிறகு நூஹு கேட்டார். "காத்து இருக்குத்தானே மச்சான், ஏன் எடுக்கல்ல?"

"விடச் சொல்லல்ல."

"ஆரு?"

நஸீம் சிலிண்டரைக் கழற்றத் தொடங்கினார். கரைக்கு வந்ததும் நூஹு அவரோடு நேரே வீட்டுக்கு வந்து ஹஃபீலாவைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, கோவிக்காதீங்க. இனி இவர நான் கடலுக்குக் கூட்டிப் போகமாட்டன்."

நூஹு நடந்ததைச் சொல்லிவிட்டுப் போனபிறகு நஸீம் தலையைக் குனிந்தபடி வாய் திறந்தார்.

"ஸ்கேன்ல என்ன வருமோ எண்டு நெனைக்கேக்குள்ளதான் அது கேக்குது. மூச்சப் பிடிச்சிட்டிருந்தா ஒண்டும் நடக்காது போல இருக்கு. விட்டா என்னவோ தெரிஞ்சிரும்."

"பயமா இருக்கெண்டு சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீயும் பயப்படுவ."

"இப்ப மட்டும் நான் பயப்படாமயா இருக்கன்?"

ஸ்கேன் அறை வாசலில் நஸீமின் கால்கள் நகரவில்லை. ஹஃபீலா சிலாபத்தில் கருவாடு விற்றுப் பழகிய சிங்களத்தில், இயந்திரத்தை இயக்கும் நரைத்த பெண்மணியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அந்த அம்மா சிரிக்கவில்லை. பதிவை நிறுத்திவைக்கலாம், ஆனால் யாராவது சொல்லத்தான் வேண்டும் என்றார். ஹஃபீலாவைக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்த தன் அறைக்குள் அழைத்து, ஒலிவாங்கியை அவள் பக்கம் திருப்பினார்.

கண்ணாடிக்கு அப்பால் நஸீமின் கால்கள் மட்டும் தெரிந்தன.

"மூச்செடுங்க," என்றாள் ஹஃபீலா. "பிடிங்க."

கட்டில் மெல்ல உள்ளே நகர்ந்தது. அந்த அம்மா கையைக் காட்டினார்.

"விடுங்க."

வெளியே தேநீர்க்கடையில் இருந்தபோது நஸீம் சொன்னார். "நீ விடச் சொல்ல முந்தி அந்தக் குரல் விடச் சொல்லிட்டு. நான் விடல்ல. ஒன்ட சத்தம் வரட்டும் எண்டு இருந்தன்."

"அவ அத நிப்பாட்டித்தானே வச்சிருந்தா?"

"ஓம். தெரியும்."

அந்த முறை ஸ்கேனில் புதிதாக ஒன்றும் இல்லை. அடுத்த முறையும் இல்லை. நஸீம் சங்கு குளிப்பதை விட்டுவிட்டார். டொல்பின் பார்க்க வருபவர்களை ஏற்றிக்கொண்டு வள்ளம் ஓட்டுகிறார். நாள் நெருங்கும்போது குரல் வரத்தான் செய்கிறது. இப்போது அவர் மறைப்பதில்லை. "வந்திட்டு," என்பார். ஹஃபீலா கைவேலையைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் வந்திருந்து, விடச் சொல்வாள்.

போன ஸ்கேனுக்கு முதல்நாள் காலை, அவர் கடலில் இருந்த நேரம், ஹஃபீலா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால், காதருகே, ஒரு பெண்குரல் மூச்சைப் பிடிக்கச் சொன்னது. கத்தி நின்றது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கஷ்டப்பட்டு மூச்சை விட்டாள். பிறகு அடுத்த மீனை எடுத்தாள்.

நஸீம் வீட்டுக்குள் வந்ததும் முதல் வேலையாக அதைச் சொன்னாள். அவர் காலைக் கழுவிக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தார்.

"ஒனக்கும் சிங்களத்திலயா?"

"ஓம்," என்றாள் ஹஃபீலா.