அம்மா ஏறாத கப்பல்

என் தாய்மாமா வாயைத் திறந்தால் பொய்தான் வரும் என்பது சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில், கெலாங் பாத்தா பக்கத்து எங்கள் ரப்பர் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். முதலை முதுகில் உட்கார்ந்து பூலாய் ஆற்றைக் கடந்தவர் அவர். காட்டில் எதிர்ப்பட்ட புலியிடம் வழி கேட்டவர். சொல்லும்போது மீசையை முறுக்குவார். மீசைக்குக் கை போனால் பிள்ளைகள் நாங்கள் சுற்றி உட்கார்ந்துவிடுவோம்.

எனக்கு ஆறு வயதில் அம்மாவுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. என்னை அடுத்த லயத்தில் ஒரு வீட்டில் விட்டிருந்தார்கள். மூன்றாம் நாள் திரும்பி வந்தபோது அம்மா இல்லை. கடல் தாண்டிச் சொந்த ஊருக்குக் கப்பலேறிப் போய்விட்டாள் என்றார்கள். பிள்ளை பயந்துவிடும் என்று, மகன் செய்யவேண்டிய காரியத்தை என் பேரில் மாமாவே செய்திருந்தார். தலையும் மீசையும் மழித்திருந்தவரிடம் காரணம் கேட்டேன்.

"புலி நக்கிருச்சுடா" என்றார்.

எங்கள் தோட்டத்தில் ஊருக்குப் போனவர்கள் திரும்பி வருவது வழக்கம். ஆகவே அந்தப் பொய்யை நான் நம்பியதோடு நிற்கவில்லை. தினமும் படகுத்துறையில் போய் நின்றேன். பதினைந்து நாள் கழித்து, சிங்கப்பூரில் கப்பல் இறங்கிய ஆட்களைக் கங்காணி படகில் கூட்டிவந்தார். ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் அண்ணாந்து பார்த்தேன். கடைசிப் பெண்ணும் இறங்கிப் போனாள்.

அன்று நான் சோற்றைத் தொடவில்லை. மாமா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏன்டா திங்கல?"

"அம்மா வராது மாமா. நான் பால் வாளிய கவுத்துட்டேன்ல, அந்தக் கோவம்."

காய்ச்சலுக்கு முந்தின நாள், அம்மா காலையெல்லாம் மரம் சீவிச் சேர்த்த ரப்பர் பாலை நான் தட்டிக் கொட்டியது மெய்தான்.  மாமா எழுந்து என் கையைப் பிடித்தார். எங்கே போகிறோம் என்று தெரிந்ததும் லயத்துப் பெண்கள் சத்தம் போட்டார்கள்.

"பச்சப்புள்ளய அங்கயா கூட்டிட்டுப் போற? ஒனக்குப் புத்தி இருக்கா?"

"எனக்கு எப்ப இருந்துச்சு, இப்ப இருக்க?" என்றார் மாமா. அப்பா தலையைக் குனிந்துகொண்டார், தடுக்கவில்லை.

தோட்டத்து எல்லையில், மரங்களுக்கு அப்பால் ஒரு மண்மேடு. மழையில் அதற்குள்ளாகவே அதன்மேல் புல் முளைத்திருந்தது.

"ஒங்கம்மா கப்பல்ல போவலடா. செத்துப்போச்சு. இங்கதான் பொதச்சிருக்கு."

"திரும்பி வருமா?"

"வராது."

"பசிக்குமா?"

"பசிக்காது."

"மழ பேஞ்சா குளிருமா?"

"குளிராது."

"வாளிய கவுத்ததுக்கா செத்துச்சு?"

"காய்ச்சல்ல செத்துச்சு. நான் கவுக்காத வாளியா? என்னை அடி பின்னியிருக்கு ஒங்கம்மா. அதுக்காவ செத்தா போச்சு?"

"மெய்யாவா மாமா?"

முறுக்குவதற்கு மீசை இல்லை. இரண்டு கையும் மண்மேல் இருந்தன. "மெய்தான்" என்றார். நான் அழுதேன். அழாதே என்று அவர் சொல்லவில்லை. அழுது முடியும் வரை இருந்தார். பிறகு இருவரும் புல்லைப் பிடுங்கினோம்.

இன்று நான்கு எழுத்துப் படித்துத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்கிறேன். தாயோ தகப்பனோ இல்லாமல் போன பிள்ளை வகுப்புக்கு வரும்போதெல்லாம், கைநாட்டுக்காரரான என் மாமாவைப் போலப் பதில் சொல்ல எனக்கு நாக்கு எழவேண்டுமே என்று வேண்டிக்கொள்கிறேன். நல்ல வார்த்தைகள் எனக்கு நிறையத் தெரியும். அவை அவ்வளவு உதவுவதில்லை.

அன்று மேட்டிலிருந்து திரும்பும்போது எனக்குப் பசித்தது. முன்னால் ஓடி, பாதைத் திருப்பத்தில் நின்று கூப்பிட்டேன். மாமா வரவில்லை. மேட்டருகே குந்தியபடி, பிடுங்கிய இடத்திலேயே மறுபடியும் மறுபடியும் மண்ணைத் தடவிக்கொண்டிருந்தார். அப்பன் ஆத்தாள் இல்லாத அவரை இடுப்பில் சுமந்து கப்பலேறி வந்தவள் என் அம்மா. அது எனக்குத் தெரியும். லயத்தில் யாருக்குத்தான் தெரியாது? ஆனாலும் நான் கத்தினேன்:

"வாங்க மாமா, என்ன பண்றீங்க அங்க? எனக்குப் பசிக்குது."

உடனே எழுந்து வந்துவிட்டார்.