பிரேக் பெடலுக்கு வண்டி மை

மோட்டார் சைக்கிளின் பின் பிரேக் பெடலுக்கு மாட்டுவண்டி மை போட்டவன் எங்கள் வட்டாரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து, வண்டிக்கு அடியில் மூங்கில் குழாயில் தொங்கவிட்டிருப்பார்களே, அதே மை. அப்போது நான் பொருளாதாரத்தில் பட்டம் வாங்கியிருந்தேன் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். திருச்சுழியில் வீடு. அப்பா மிளகாய் வத்தல் வியாபாரி; மோட்டார் சைக்கிள் அவருடையது. ஈரல் கெட்டு அவர் கட்டிலில் விழுந்தபின் நான் அதை எடுத்து ஓட்ட ஆரம்பித்தேன். பெடலை மிதித்தால் கிறீச்சென்றது. அந்தச் சத்தத்தை வைத்தே நான் எந்தத் தெருவில் நிற்கிறேன் என்று படுத்தபடி சொல்லிவிடுவார். அதனால் கழற்றினேன்.

கழற்றுவதில் ஒரு கஷ்டமும் இல்லை. அச்சு, வாஷர், ஸ்பிரிங், பெடல் எல்லாவற்றையும் சாக்கில் பரப்பி மண்ணெண்ணெயில் கழுவினேன். கிரீஸ் வாங்க அருப்புக்கோட்டைக்குப் போக வேண்டும். போக வேண்டிய வண்டி சாக்கில் கிடந்தது. வத்தல் மூட்டை சுமக்கிற வண்டியின் அச்சுக்கு ஆகிற மை, இந்தச் சுண்டுவிரல் அச்சுக்கு ஆகாதா என்று யோசித்தேன். மாட்டுவண்டிச் சக்கரம் அச்சில் லொடலொடவென்று ஆடும், இங்கே மயிரிழைகூட இடைவெளி கிடையாது என்பது என் பாடத்திட்டத்தில் இல்லை. மையை அப்பிப் பெடலைச் செருகி, ஸ்பிரிங்கை இழுத்து மாட்டினேன். சத்தம் நின்றது. தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, போட்டது வண்டி மை என்று அப்பாவிடமும் சொல்லி, என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அடுத்த வாரம் டாக்டர் கையை விரித்தார். அப்பா கேட்டது ஒன்றுதான்: காரியாபட்டியில் கட்டிக்கொடுத்த அக்காவைப் பார்க்க வேண்டும்.

"பஸ்ஸுல போயிக் கூட்டிட்டு வாய்யா," என்றாள் அம்மா.

"வண்டியிலன்னா சுருக்க வந்துரலாம்மா."

போகும்போதே மிதித்த பெடல் மேலே வர யோசித்தது. கால் நுனியால் நெம்பிவிட்டுக்கொண்டே போனேன். அக்காவை ஏற்றிக்கொண்டு திரும்புகையில், பாதி வழியில் ஆடுகள் குறுக்கே வந்தன. மிதித்தேன். பெடல் கீழே போனது, வரவேயில்லை. கரிசல் தூசியும் கரியும் எண்ணெயும் அச்சில் தாராக இறுகியிருந்தன. பின்சக்கரம் தீய்ந்த வாடையோடு நின்றது. கல்லை எடுத்துத் தட்டினேன். கண்ணுக்கெட்டிய மட்டும் வெடித்த நிலம், ஒரு ஆள் இல்லை.

திருச்சுழி பஸ் வந்து நின்றது. கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

"தம்பி, அந்தம்மாவ ஏத்தி விடுங்க. இத விட்டா இருட்டுனப்பறந்தான் பஸ்ஸு."

அக்கா முந்தானையைச் செருகிக்கொண்டு படியில் கால் வைத்தாள்.

"ரெண்டே நிமிஷங்க்கா. பஸ்ஸு எல்லா ஊர்லயும் நின்னு நின்னு போகும்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள், காலை எடுத்துக்கொண்டாள். "நெசமாத்தானடா?"

"ஆமாக்கா."

பஸ் கிளப்பிய புழுதி எங்கள்மேல் படிந்தது. அக்கா உடைமர நிழலில் உட்கார்ந்து, பஸ் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெடலிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பியைக் கழற்றிவிட்டால் வண்டி உருளும் என்று எனக்கு உறைத்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. பிரேக் இல்லாமலே ஓட்டினேன். முன் பிரேக் என்பது அந்த வண்டியில் வெறும் அலங்காரம்.

தெருமுனையிலேயே சங்குச் சத்தம் கேட்டது. "அப்பா" என்று முதுகுக்குப் பின்னால் ஒரு குரல். வீட்டு வாசலில் வேகம் குறைந்ததும் அக்கா குதித்து ஓடினாள். நான் செருப்பைத் தரையில் தேய்த்தபடி கூட்டத்தைக் கடந்து, இரண்டு வீடு தள்ளித்தான் நிற்க முடிந்தது.

காரியமெல்லாம் முடிந்து, என்னோடு ஒரு வார்த்தை பேசாமல் அக்கா பஸ் ஏறிப் போன அன்று, அம்மாவிடம் கேட்டேன்: "அப்பா கடைசியா ஏதும் சொன்னாகளாம்மா?"

அம்மா புளியை ஆய்ந்துகொண்டே சொன்னாள்:

"மக வந்துக்கிட்டிருக்கா, கொஞ்சம் பொறுங்கன்னேன். 'எதுல வாரா?'ன்னாக. நீ வண்டியில கூட்டியாரேன்னு சொன்னேன். 'அப்பக் காத்துக்கிட்டுக் கெடக்க வேண்டியதில்ல'ன்னு கண்ண மூடிட்டாக."