விளக்கேந்திக்கு வாள் கிடையாது

லோர்னா ஹவுட்டலா குளிர்காலத்தில் மாவட்டச் சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டுபவள். சுப்பீரியர் ஏரியின் தென்கரையில் அந்த வேலைக்கு ஓய்வு என்பதே அபூர்வம். ஞாயிறு மதியம் மட்டும் தன்னைக் கூப்பிடக் கூடாது என்று மேலதிகாரியிடம் சொல்லிவைத்திருந்தாள். ஏன் என்று அவர் கேட்டதில்லை. கேட்டிருந்தால், தீயணைப்பு நிலையத்தின் பின்னறையில் பகடை உருட்டப் போகிறேன் என்று கூசாமல் சொல்லியிருப்பாள்.

அங்கே நடப்பது இதுதான். ஒருவர் கதையை நடத்துவார். "இருட்டு, முன்னால் இரண்டு வழி" என்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு கற்பனை மனிதராக இருந்து, என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்ற சந்தேகம் வந்தால் பகடை முடிவு செய்யும். வீரன், மந்திரவாதி, திருடன் என்று அந்த மனிதர்களில் வகைகள் உண்டு; ஒவ்வொரு வகைக்கும் அதற்கான பலம், அதற்கான பலவீனம். பெரும்பாலோர் கடையில் விற்கும் புத்தகத்து வகைகளை வைத்தே ஆடுவார்கள். லோர்னா தானே வகைகளைச் செய்பவள். செய்து, இரண்டு பக்கத்துக்குள் எழுதி, இணையத்தில் இனாமாகப் போட்டுவிடுவாள். தலைப்புக்குக் கீழே எப்போதும் ஒரே அறிவிப்பு: "எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றிக்கொள்ளுங்கள். யாரையும் கேட்க வேண்டாம்."

அவள் செய்தவை எல்லாம் நன்றாக இருந்தன என்று சொல்ல முடியாது. 'பொய்ச்சாட்சி' என்ற வகையை ஒருமுறை ஆடியவர் மறுமுறை ஆடவில்லை. 'உப்பு வியாபாரி' பாதியில் நிற்கிறது. ஆனால் விளக்கேந்தி வேறு. அவள் கையில் ஒரு விளக்கு. வேறு எதுவும் ஏந்த மாட்டாள். அது எரிகிறவரை கூட வருபவர் எவரும் பயந்து ஓட மாட்டார்கள். கீழே வைத்தால் அந்தத் துணிச்சல் போய்விடும். உயிர்ப் புள்ளிகளோ மிகச் சொற்பம். அவ்வளவுதான் விதி. அதை ஆடியவர்கள் பிரேசிலில் இருந்தும் போலந்தில் இருந்தும் அவளுக்கு எழுதினார்கள், தங்கள் விளக்கேந்தி எப்படிச் செத்தாள் என்று.

லோர்னாவுக்குப் பதினான்கு வயதிருக்கும்போது, இந்த ஆட்டம் சாத்தானை வீட்டுக்குள் அழைக்கிறது என்று போதகர் பிரசங்கித்தார். அப்பா கெட்ட மனிதர் அல்ல. அன்று மாலை அவள் கட்டிலுக்கடியில் இருந்த விதிப்புத்தகத்தை எடுத்துப்போய், கொல்லையில் இருந்த சவுனா என்ற வெந்நீராவிக் குளியலறையின் அடுப்பில் போட்டார். அந்தச் சூட்டில்தான் குடும்பமே உட்கார்ந்து வியர்த்தது. அவளும் உட்கார்ந்தாள். மறுநாள் பழைய நாட்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் நினைவில் இருந்ததை எழுதத் தொடங்கினாள். பாதி மறந்துபோயிருந்தது. மறந்த இடங்களில் தானே எதையாவது செய்து போட்டாள். கேட்ட பிள்ளைகளுக்கெல்லாம் படியெடுத்துக் கொடுத்தாள். அப்பா அதையும் கண்டுபிடித்துக் கிழித்தபோது, அது ஊரில் பல வீடுகளில் இருந்தது. ஒருவரிடம் மட்டும் இருப்பதை எரித்துவிடலாம், எல்லோரிடமும் இருப்பதை எந்த அடுப்பில் போடுவது? இதை அவள் தத்துவமாக ஒருபோதும் சொன்னதில்லை. ஆனால் அதன்படிதான் வாழ்ந்தாள்.

ஆட்டத்தை நடத்துபவன் டெல்பர்ட் காங்கஸ். தூண்டில் புழுவும் மீன்பிடிச் சாமானும் விற்கும் கடை வைத்திருப்பவன். லோர்னாவுக்குப் பள்ளி நாள் தொட்டு நண்பன். ஏரிக்கடியில் கைவிடப்பட்ட ஒரு செம்புச் சுரங்கம், அதில் சாகாமல் உலவும் சுரங்கத் தொழிலாளிகள் என்று ஒரு சாகசக் கதையைப் பல வருடங்களாகச் செதுக்கி வைத்திருந்தான். தன் பெயர் போட்ட புத்தகம் ஒன்று கடை அலமாரியில் நிற்க வேண்டும் என்பது அவன் ஆசை. அதை அவன் மறைத்ததும் இல்லை.

பிப்ரவரியில் சிகாகோவில் இருந்து ட்ரென்ட் ஆல்ட்ரிச் வந்தான். விளையாட்டுப் புத்தகங்கள் போடும் ஒரு சிறு நிறுவனத்தின் ஆள். இளைஞன், நல்ல மரியாதை. விளக்கேந்தியையும் டெல்பர்ட்டின் சுரங்கத்தையும் ஒரே புத்தகமாகப் போட விரும்பினார்கள். வண்ணப் படங்கள், கெட்டி அட்டை. ஒன்று மட்டும் தனியாக வேண்டாம், இரண்டும் சேர்ந்தால்தான். இணையத்தில் இருக்கும் இனாம் பக்கங்களை லோர்னா எடுத்துவிட வேண்டும். பதில் சொல்லும் முன் ஒரு ஆட்டம் ஆடிப் பார்க்கலாம் என்றாள் அவள்.

அந்த மேசையில் ஒரு வழக்கம் உண்டு. நடுவில் அப்பம் சுடும் பழைய தகரத் தட்டு ஒன்று இருக்கும். நடத்துபவர் உட்பட யார் உருட்டினாலும் பகடை அதில்தான் விழ வேண்டும். சத்தம் எல்லோருக்கும் கேட்கும், எண் எல்லோருக்கும் தெரியும். அன்று டெல்பர்ட் தன் முன்னால் டிராகன் படம் போட்ட மடக்கு அட்டை ஒன்றை நிறுத்தியிருந்தான். மற்ற ஊர்களில் நடத்துபவர்கள் அதன் பின்னால் உருட்டுவது சாதாரணம். இங்கே யாரும் பார்த்ததில்லை.

"என்னய்யா இது, பொம்மலாட்டமா?" என்றாள் ரோஷெல். முதியோர் இல்லத்தில் வேலை பார்ப்பவள். அன்று வாள்வீரனாக ஆடினாள்.

"வந்தவங்க முன்னாடி கொஞ்சம் ஒழுங்கா இருக்கட்டுமேன்னுதான்."

ட்ரென்ட் விளக்கேந்தியாக ஆட உட்கார்ந்தான். ஆறு குணங்களுக்கும் மும்மூன்று பகடைகளாக வரிசையாக உருட்டினான். பலத்துக்கு ஐந்து விழுந்தது, வசீகரத்துக்குப் பதினாறு.

"பதினாறைப் பலத்துக்கு மாத்திக்கலாமா?"

மேசையே சிரித்தது. "பொறக்கும்போது கேட்டு வாங்கிட்டா வந்தீங்க தம்பி?" என்றாள் ரோஷெல். அவனும் சிரித்துக்கொண்டே தன் ஆளுக்கு பார்னபி என்று பெயர் வைத்தான்.

ஆட்டம் சூடு பிடித்தது. முழங்கால் அளவு தண்ணீர் நின்ற சுரங்க வழியில் செத்த தொழிலாளிகள் சூழ்ந்துகொண்டார்கள். கூட வந்த கூலிவீரன் விழுந்தான். அவன் வாள் தண்ணீரில் கிடந்தது.

"விளக்கைப் பாறை மேல வெச்சுட்டு வாளை எடுக்குறேன்" என்றான் ட்ரென்ட்.

"வெச்சா நாங்க எல்லாரும் அலறிக்கிட்டு ஓடுவோம்" என்றாள் ரோஷெல்.

"இதைத்தான் நானும் சொல்லணும்னு இருந்தேன், மேடம். சண்டையில சும்மா நிக்கிற ஆளை யாரு ஆடுவா? ஒரு சின்ன வாளாவது குடுத்துடலாம்."

"விளக்கேந்திக்கு வாள் கிடையாது" என்றாள் லோர்னா.

அவன் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். செத்தவர்கள் அவனை அடிப்பதற்காக டெல்பர்ட் அட்டைக்குப் பின்னால் உருட்டினான். "தவறிடுச்சு." மறுபடி உருட்டினான். "இதுவும் தவறிடுச்சு." மூன்றாவது முறை உருட்டிவிட்டுப் பகடையைச் சற்று அதிக நேரம் பார்த்தான். "தவறிடுச்சு."

"டெல்பர்ட், அட்டையை மடி."

"நான் சொன்னா போதாதா?"

"போதாது."

அவன் மடிக்கவில்லை. லோர்னா கையை நீட்டி அட்டையைத் தட்டிச் சாய்த்தாள். இருபது முகப் பகடை பத்தொன்பது காட்டிக்கொண்டிருந்தது. பார்னபி அடி வாங்கியிருக்க வேண்டிய எண் அது. டெல்பர்ட்டின் காது மடல்கள் சிவந்தன.

ட்ரென்ட்தான் முதலில் பேசினான். "எனக்காகவா சார்? வேண்டாம். அடி எவ்வளவுன்னு தட்டுலயே உருட்டுங்க."

தட்டு சத்தம் போட்டது. பார்னபிக்கு மிச்சம் ஓர் உயிர்ப் புள்ளிகூட இல்லை.

"விழும்போது விளக்கைத் தண்ணியில எறியுறேன், எண்ணெயோட. விதியில இருக்கா?"

"இல்ல. அதைப் பத்தி நான் ஒண்ணும் எழுதல" என்றாள் லோர்னா. எல்லோரும் டெல்பர்ட்டைப் பார்த்தார்கள். அவன் ஒரு கணம் யோசித்தான். தண்ணீர் முழுக்கத் தீப்பிடிக்காது, ஆனால் எண்ணெய் படர்ந்தவரை எரியும். அது அணைவதற்குள் மற்றவர்கள் தப்பலாம் என்றான். தப்பினார்கள். ட்ரென்ட் குழந்தை மாதிரி கைதட்டினான். அவன் அன்று நன்றாக ஆடினான் என்பதை லோர்னா பின்னாளில்கூட மறுத்ததில்லை.

இறைச்சி அடைத்துச் சுட்ட பாஸ்டியும் காப்பியும் வந்தன. "பிரமாதம், மேடம். இந்த எறியுற விஷயத்தையும் விதியா எழுதிடுவோம். இனாம் பக்கத்தை மட்டும் எடுத்துடணும். அது மட்டும்தான்."

"எங்கப்பாவும் அப்படித்தான் சொன்னாரு. ஒரே ஒரு புத்தகம்தானேன்னு."

அவனுக்குப் புரியவில்லை. அவள் விளக்கவும் இல்லை. "எடுக்க மாட்டேன் தம்பி. நீங்க வேணும்னா எடுத்துக்கோங்க. யாரையும் கேட்க வேண்டாம்னுதானே போட்டிருக்கேன், அது உங்களுக்கும்தான். வாள் குடுங்க, குதிரை குடுங்க, வித்துக்கோங்க. என்னோடது இருக்கிற இடத்துலயே இருக்கும்."

"இனாமா கிடைக்கிறதைக் காசு குடுத்து யாரு மேடம் வாங்குவா?"

"அது உங்க கவலை."

"அப்ப சுரங்கமும் இல்லைங்க" என்றான் ட்ரென்ட், உண்மையான வருத்தத்துடன்.

டெல்பர்ட் தட்டில் கிடந்த பகடைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். "எனக்காகக்கூட மாட்டியா?"

"உனக்காகத்தான் இவ்வளவு நேரம் யோசிச்சேன். இல்லன்னா அந்தப் பையன் வாசல்ல பூட்ஸ் கழட்டுறப்பவே சொல்லியிருப்பேன்."

அவன் அட்டையை அங்கேயே விட்டுவிட்டுப் போனான்.

அந்த வாரம் முழுக்கப் பனி கொட்டியது. தன்னுடையதைப் பூட்டி வைக்க மாட்டேன் என்று சொல்ல ஒருவருக்கு உரிமை உண்டு. அந்த உரிமை இன்னொருவர் ஆசையின் மேல் ஏறி நிற்கும்போது அதன் எடை என்ன? வண்டி ஓட்டிக்கொண்டே லோர்னா இதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தான் செய்தது சரி என்றே ஒவ்வொரு முறையும் வந்தது. சரியாக இருந்தது ஆறுதலாக இல்லை. தூண்டில் கடை வாசலில் மட்டும் எப்போதும்போல வண்டியைத் திருப்பி, வழியை மூடிய பனியை ஒதுக்கிவிட்டுப் போனாள். டெல்பர்ட் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்தான். கை அசைக்கவில்லை.

ஞாயிறன்று டெல்பர்ட் வந்தான். அட்டையைக் குப்பைத் தொட்டியில் போட்டான். தகரத் தட்டை மேசை நடுவில் ஓசை வர வைத்தான். லோர்னாவின் விளக்கேந்தி ஐனோ, அந்த மேசையில் வேறு எந்த ஆளையும்விட நீண்ட காலம் உயிரோடு இருந்தவள். மதியம் பாதி கழிவதற்குள் ஒரு படிக்கட்டுத் திருப்பத்தில் ஏதோ ஒன்று அவள் மேல் பாய்ந்தது. டெல்பர்ட் கையை உயர்த்தி உருட்டினான். பகடை தட்டில் சுற்றி, விளிம்பில் மோதி நின்றது. இருபது.

"செத்துட்டா."

"தெரியுது."

"வேணும்னு பண்ணல."

"விழுந்ததை நானும்தான் பாத்தேன்."

அவன் புது ஆளை எழுத ஒரு வெற்றுத்தாளையும் பென்சிலையும் அவள் பக்கம் தள்ளினான். யாரையும் பார்க்காமல் சொன்னான்: "சுரங்கத்தையும் உன் இணையப் பக்கத்துலயே போட்டுடு. இனாம்தான். ஆனா என் பேரு உன் பேருக்கு மேல வரணும். பெரிய எழுத்துல."

"உன் முகத்தையே போடுறேன், போதுமா?"

"அதைப் பாத்தா எவனும் எடுக்க மாட்டான்" என்றாள் ரோஷெல்.

லோர்னா மூன்று பகடைகளையும் தட்டில் உருட்டினாள். பலம், நான்கு. அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாள் தூக்க முடியாத இன்னொருத்தி. தாளின் மேலே 'விளக்கேந்தி' என்று எழுதிவிட்டு அடுத்த எண்ணுக்காகப் பகடைகளை எடுத்தாள்.