லேமினேஷனுக்குள் முளைத்த பூஞ்சை

எங்கள் வீட்டுச் சாமிகளில் ஒன்று காகிதம். நைனாவுக்கு அரசாங்கம் கொடுத்த ஒரு ஏக்கர் நிலத்தின் பட்டா அது. அவருக்கு முன்னால் எங்கள் வம்சத்தில் எல்லோரும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள்தான். அதனால் பட்டா முருகன் படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் அம்மா அதன் நான்கு மூலைகளிலும் மஞ்சளைக் குழைத்துப் பூசுவாள். கல்யாணப் பத்திரிகைக்கே ஒரு தடவைதான் பூசுவார்கள். எங்கள் பட்டாவுக்கு வாராவாரம் கல்யாணம். ஈரம் காய்வதற்குள், பூச்சி அரிக்கக்கூடாதென்று நைனா அதைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக்கி முடிச்சுப் போட்டுவிடுவார்.

எனக்குத் திருப்பதியில் ஒரு ஆபீஸில் பழைய ஃபைல்களைப் பாதுகாக்கிற வேலை. ஒரு மழைக்காலத்தில் ஆந்திர எல்லையோரத்து எங்கள் ஊருக்கு வந்தபோது, பட்டாவில் விபூதி விழுந்திருப்பதாக அம்மா தெருவெல்லாம் சொல்லியிருந்தாள். இரண்டு பேர் வந்து கும்பிட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஒருத்தி அதைத் தொட்டு நெற்றியிலும் இட்டுக்கொண்டாளாம். கவரைப் பிரித்துப் பார்த்தேன். மூலைக்கு மூலை சாம்பல் நிறத்தில் பூஞ்சை. அம்மாவிடம் சொன்னதற்கு, படித்தால் மட்டும் பக்தி வந்துவிடாது என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. கோபத்தில் செய்கிற காரியம் எது உருப்பட்டிருக்கிறது? பூஞ்சையைத் துடைத்துவிட்டு, பட்டாவை நகரியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோய் லேமினேஷன் போடச் சொன்னேன். கடைக்காரர் தாளைத் தொட்டுப் பார்த்து, ஈரமாக இருக்கிறது, இரண்டு நாள் காயவைத்துக் கொண்டுவா என்றார். காகிதத்தைப் பற்றி எனக்கே பாடமா என்று கேட்டேன். வீட்டில் சும்மா கிடந்த ஒரு பழைய ஃபிரேமில் பொருந்தவேண்டும் என்று ஓரங்களையும் ஒட்ட வெட்டச் சொன்னேன். பக்கத்திலேயே ஜெராக்ஸ் மெஷின் சும்மா நின்றது. ஒரு நகல் எடுத்து வைப்போம் என்று இந்தப் புத்திசாலிக்குத் தோன்றவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் நிலங்களை மறுபடி அளக்க சர்வேயர் வந்தார். நைனா பெருமையோடு சுவரிலிருந்து ஃபிரேமைக் கழற்றிக் கொடுத்தார். உள்ளே கறுப்பு, பச்சை, ஓரத்தில் கொஞ்சம் ரோஸ். வெட்டிய ஓரம் வழியே ஈரம் புகுந்து, பூஞ்சை ஒரு வருஷமாகத் தொந்தரவில்லாமல் குடும்பம் நடத்தியிருந்தது. முத்திரை மட்டும் பாதி தெரிந்தது. சர்வே நம்பர் இருந்த இடத்தில் ஓட்டை.

சர்வேயர் தெலுங்கில் பொறுமையாகத்தான் சொன்னார். நம்பர் இருந்தால் டேப்லெட்டில் பார்த்துக்கொள்ளலாம். பெயரை வைத்துத் தேட அதில் வழியில்லை, நம்பரைப் போட்டால்தான் பெயரே வரும். சாயந்திரம் அடுத்த ஊருக்குப் போகவேண்டும். அதற்குள் நம்பர் தெரியாவிட்டால் அரசு நிலம் என்று எழுதிவிட்டுப் போவதைத் தவிர வழியில்லை.

நைனாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நிலத்துக்கு அவர் சொன்ன ஒரே அடையாளம் வரப்போரத்துப் புங்கமரம். அதை வெட்டி மூன்று வருஷமாகிறது. என்னைப் பார்த்து, "படிச்ச புள்ள செஞ்சா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஒரு வம்சமே கூலி வேலை செய்து கண்ட ஒரு ஏக்கரை நான் லேமினேஷன் போட்டுத் தொலைத்துவிட்டேன்.

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு சமையலறையிலிருந்து வந்தாள். என்ன கேட்கிறார் இவர் என்றாள். நம்பர் என்றேன்.

"டூ ஒன் டூ பை த்ரீ."

சர்வேயர் தட்டிப் பார்த்தார். நைனாவின் பெயர், தாத்தாவின் பெயர், ஒரு ஏக்கர், எல்லாம் வந்தது. மத்தியானத்துக்குள் நான்கு மூலைகளிலும் கல் நட்டார்கள்.

அம்மாவும் பள்ளிக்கூடம் போனதில்லை. நம்பர் எப்படித் தெரியும் என்று கேட்டேன். பட்டா கொடுத்த அன்றைக்கு ஆபீஸில் படித்துச் சொன்னார்களாம், அப்படியே பிடித்துக்கொண்டாளாம். இத்தனை வருஷமாகவா ஞாபகம் வைத்திருந்தாய் என்றதற்கு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழம சாமிகிட்ட சொல்லிக்கினுதான கீறேன். ஊர்ல இத்தினி பேரு நெலம் கீது. எது நம்மளுதுன்னு சொல்லலன்னா, சாமி எங்க போய் மழ பெய்ய வெக்கும்?"