மாதிரி எண் 2217-இல் புகுந்த டைட்டேனியம்

1991 பிப்ரவரி 12 – 99.62
1991 செப்டம்பர் 3 – 99.58
1993 மார்ச் 22 – 99.71

ஒரு கல்லின் துகள்களைக் கரைத்துச் சோதித்த நாட்களும், கிடைத்த சதவீதங்களின் கூட்டுத்தொகையும் இவை. நூற்றை ஒட்டி வந்தால் சோதனை சரி என்பார்கள். முதல் இரண்டு தொகையையும் பார்த்து, தலையில் கிரீடம் வைத்தவன்போல் நடந்தேன்.

நிலவியல் ஆய்வகத்தின் மாதிரி அறையில் முப்பத்தோரு வருடம் பதிவேடு எழுதியவன் நான். மோனசைட் என்ற அருமண் பாஸ்பேட் கனிமம் இருந்த பெட்டியில், 2217 என்று எண்ணிட்ட ஒரு கல்லில் மட்டும் தேன் நிறத் துகள்கள் வேறுவிதமாக மின்னுவதைக் கண்டேன். ஆய்வகத்தின் வேதியியல் அம்மா சோதித்தார். டைட்டேனியம் இருந்தது. அப்படியொரு அருமண் பாஸ்பேட் பட்டியலிலேயே இல்லை. புதிய கனிமங்களை அங்கீகரிக்கும் குழுவுக்கு விண்ணப்பம் போனது.

"உங்க பேரையா வைக்கப்போறாங்க?" என்றாள் மனைவி.

"வச்சா வேண்டாம்னு சொல்லமாட்டேன்."

"வீட்டுச் சாவிய எங்க வச்சீங்கன்னு முதல்ல சொல்லுங்க."

1992 அக்டோபரில் குழு எழுதியது: எக்ஸ்கதிர் காட்டும் படிக அமைப்பில் டைட்டேனியம் உட்கார இடமே இல்லை; ஆறு மாதத்தில் விளக்காவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி.

விளக்கம் தேடி என் பதிவேட்டையே புரட்டினேன். 1991 ஜனவரி 9-ஆம் தேதியில், என் கையெழுத்தில்: '2217: எண் கோணல். தின்னரால் அழித்து, மறுபுறம் எழுதப்பட்டது.' எண் எழுதக் கல்லில் பூசும் வெள்ளைப் பெயின்ட் டப்பாவை எடுத்துப் பார்த்தேன். முதல் சேர்மானமே டைட்டேனியம் டையாக்சைடு. கரைந்த பெயின்ட் துகள்களின் விரிசலுக்குள் இறங்கியிருக்கிறது. கையெழுத்து அழகாக இருக்க வேண்டுமென்று நான் ஒரு கனிமத்தையே திரித்திருந்தேன்.

சொல்லாமல் விட்டால் என் கண்டுபிடிப்பு பொய். சொன்னால் கண்டுபிடிப்பே இல்லாமல் போகலாம். இரண்டு நாள் மென்று விழுங்கிவிட்டு வேதியியல் அம்மாவிடம் சொன்னேன்.

"ரெண்டு வருஷமா உங்க பெயின்டையா சார் அலசிட்டிருந்தேன்?"

"ஆமாம்மா. நல்ல கம்பெனி பெயின்ட்."

சிரிப்பாரென்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கல்லில் மிஞ்சியிருந்தது எள்ளளவு. நுண்ணோக்கியின் கீழ் ஊசியால் விரிசல்களைச் சுரண்டினேன், பதினோரு நாள். கெடு முடியுமுன், மார்ச் 22 அன்று, அம்மா அதில் பாதியைச் சோதித்தார். டைட்டேனியம் இல்லை.

"அப்போ இது வெறும் மோனசைட்தானா?"

"எக்ஸ்கதிர்ல வந்த கோடு தெரிஞ்ச எந்தக் கனிமத்தோடயும் பொருந்தல சார். அது உங்க பெயின்ட் இல்லையே."

புதிய வாய்பாட்டோடு, பெயின்ட் கதையையும் ஒரு பக்கம் எழுதிக் கையொப்பமிட்டு அனுப்பினேன். புதிய கனிமம் என்று குழு ஏற்றுக்கொண்டது. கடிதம் வந்த நாள் 1994 மே 17.