ஆக்னஸ் அக்கா மாற்றிக்கொண்ட ஷிப்ட்

போன வாரம் மகள் போனில், "ம்மா, இன்னிக்கு லேட்டாத்தான் வருவேன். கூட வேலை செய்ற பொண்ணுக்கு அவசரமாம். ஷிப்ட் மாத்திக்கினேன்" என்றாள். எங்கிருந்து எனக்கு அப்படி ஒரு கோபம் வந்ததோ தெரியவில்லை. "யாரக் கேட்டு மாத்திக்கினே? இனிமே எவளுக்கும் மாத்திக்காதே!" என்று கத்திவிட்டேன். எதிர்வீட்டுக்காரி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "இன்னாம்மா ஆச்சு உன்க்கு?" என்று மகள் போனை வைத்துவிட்டாள். அடுப்பில் பால் வேறு பொங்கி வழிந்திருந்தது.

ஷிப்ட் என்ற சொல்லுக்கு எங்கள் பக்கம் ஒரு அர்த்தமா, இரண்டு அர்த்தமா? ராயபுரத்தில் நான் படித்த பள்ளியில் காலை ஷிப்ட், மதிய ஷிப்ட் என்று இருந்தது. ஒரே பெஞ்சில் காலையில் நான், மதியம் முகம் தெரியாத இன்னொருத்தி. அவள் மறந்துவிட்டுப் போகும் வறுத்த புளியங்கொட்டையை நான் ஒருநாளும் விட்டுவைத்ததில்லை. வீட்டில் பாய்க்கும் ஷிப்ட் உண்டு. ஹார்பரில் ராத்திரி வேலை முடித்து அப்பா வந்ததும் அண்ணன் எழுந்து இடம் கொடுக்க வேண்டும். கடல் ஏறி வரும் மாதங்களில் முன்வரிசைக் குடிசைக்காரர்கள் சட்டிபானையோடு பின்வரிசைக்கு வந்து, "வூட்ட ஷிப்ட் பண்ணிட்டோம்" என்று சிரிப்பார்கள். பெரியாஸ்பத்திரியில் ஆளை வார்டு விட்டு வார்டு ஷிப்ட் பண்ணினால் மட்டும் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

அப்புறம் கம்பெனி ஷிப்ட். இன்றைக்கும் புது அட்டைப்பெட்டியைப் பிரித்தால், அந்த வாசனையில் திருவொற்றியூர் பாட்டில் கம்பெனிக்குப் போய்விடுவேன். பாட்டிலை விளக்குக்கு எதிரே பிடித்து விரிசல் பார்ப்பது எங்கள் வேலை. நான் காலை ஆறு மணி ஷிப்ட். பக்கத்துக் குடிசை ஆக்னஸ் அக்கா மதிய ஷிப்ட். புருஷன் விட்டுவிட்டுப் போனவள், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்கள். அவசரமென்றால் ஒருத்திக்கு ஒருத்தி மாற்றிக்கொள்வோம். சூப்பர்வைசரும் கண்டுகொள்ள மாட்டார்.

அந்த மாதம் எங்கள் வரிசையில் ஒரே பேச்சு. கடலோர ரோடு அகலமாகப் போகிறது, குடிசைகளை எல்லாம் ஷிப்ட் பண்ணப் போகிறார்கள். ஆபீஸ்காரர்கள் வந்து வீடு வீடாக எழுதுவார்கள். கதவு திறந்து ஆள் இருந்தால் சீட்டு, சீட்டு இருந்தால் வேறு இடத்தில் வீடு. பூட்டியிருந்தால் ஒன்றும் கிடையாது. எந்த நாள் என்று சொல்லவில்லை, காலையில் வருவார்கள் என்று மட்டும் தெரியும். அதற்காகவே ஆக்னஸ் அக்கா மதிய ஷிப்ட்டை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் மட்டும் ஷிப்ட் மாற்றிக்கொள்ளச் சொல்லி அவளிடம்தான் போய் நின்றேன். மறுநாள் ஒன்பது மணிக்கு என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

"நாளிக்கி அவுங்க வந்துட்டா இன்னாடி பண்றது?" என்றாள்.

"நான் வூட்லதானேக்கா கீறேன். சாவிய குடு, நான் பாத்துக்கிறேன்."

கொஞ்சம் யோசித்தாள். பிறகு சாவியை என் கையில் வைத்தாள். "கதவத் தொறந்து நில்லு. என் தங்கச்சின்னு சொல்லு. ரேஷன் கார்டு மாதா படத்துக்குப் பின்னால கீது."

மறுநாள் பட்டுப் புடவை. பட்டு என்றால் பக்கத்துத் தெருவில் இரவல் வாங்கியது. இடுப்பில் சாவி. மாப்பிள்ளையின் அத்தை, மீன் குழம்பில் மாங்காய் போடுவாயா என்று என்னைக் கேட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்துத் தகரக் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவே ஒரு ஓலைத் தட்டிதான். "வூட்ல யாரு?" என்றது ஒரு குரல். நான் எழப் பார்த்தேன். அம்மா கண்ணாலேயே "ஒக்காரு" என்றாள். உட்கார்ந்துவிட்டேன். மறுபடியும் தட்டினார்கள். "மாங்கா போடுவேன்" என்று அத்தைக்குப் பதில் சொன்னேன். "பூட்டிகீது சார்" என்றது வெளியே இன்னொரு குரல். எங்கள் வாசலுக்கும் வந்தார்கள், அப்பா கைரேகை வைத்தார், சீட்டு வாங்கினார். மாப்பிள்ளை வீட்டார் கிளம்பிய பிறகு தெருமுனைக்கு ஓடினேன். ஜீப் போய்விட்டிருந்தது.

அவளுடைய மதிய ஷிப்ட்டுக்காகக் கம்பெனி வாசலில் போய் நின்றேன். இரண்டு மணிச் சங்கு ஊதி, ஆக்னஸ் அக்கா வெளியே வந்தாள். அதற்குள், எனக்கு முன்னால் உள்ளே போன எங்கள் தெருப் பெண்கள் அவளிடம் சொல்லியிருந்தார்கள்.

"தட்டுன சத்தம் கேக்கலியாடி?"

"கேக்கலக்கா. இவுங்க பேசிக்கினே இருந்தாங்க."

என் முகத்தையே பார்த்தாள். அப்புறம், "சரி வுடு, எழுதிக் குடுத்துப் பாக்கலாம். உன்க்கு நல்லபடியா முடிஞ்சுதா?" என்றாள்.

முடிந்தது. அந்த மனிதரோடுதான் இருபத்தைந்து வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறேன்.

அவள் எழுதிக் கொடுத்தாள். ஆபீஸ் ஆபீஸாக அலைந்தாள். இரண்டு தடவை துணைக்குப் போய் நானும் வாசலில் நின்றேன். உள்ளே போய், சாவி என்னிடம்தான் இருந்தது, இவள்மேல் தப்பில்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் தெருவுக்குத் தெரியும், மாப்பிள்ளை வீட்டுக்கும் போய்விடும் என்று பயம். நான் அவ்வளவு கேவலமாக இருந்தேன்.

லாரி வந்த அன்று எங்கள் சாமான்களை ஏற்றினார்கள். அவளுடைய பாத்திரங்களும் மாதா படமும் ரோட்டோரம் கிடந்தன, பக்கத்தில் இரண்டு பெண்களும் பள்ளிப் பையோடு நின்றார்கள். "எங்கக்கா போவே?" என்றேன். "நெட்டுக்குப்பத்துல சித்தி வூடு கீது" என்று சொல்லிவிட்டு, லாரியில் ஏற எனக்குக் கை கொடுத்தாள்.

மகள் பிறந்த பிறகு நெட்டுக்குப்பம் போனேன். சித்தி செத்துப்போய் வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். "எப்பவோ போய்ட்டாங்கம்மா" என்றார்கள். எங்கே என்று அவர்களுக்குத் தெரியவில்லை. இப்போது பாட்டில் கம்பெனி இருந்த இடத்தில் கண்டெய்னர்கள் அடுக்கியிருக்கின்றன. சங்கு ஊதுவதில்லை. எங்கள் குடிசை வரிசையின் மேல் லாரிகள் ஓடுகின்றன. போனால் போகட்டும். அன்றைக்குத் தட்டிய சத்தம் எனக்குக் கேட்டது என்று நான் ஒரே ஒருத்தியிடம் சொல்ல வேண்டும். அவளைத்தான் எங்கே தேடியும் காணவில்லை.