கத்தாத தப்பு

திரையில் சிவப்பு எழுத்தில் பிழை வந்தால் வசந்தா முதலில் அதைத் திட்டுவாள், பிறகுதான் படிப்பாள். "போடா பேமானி, இன்னாத்துக்கு இப்ப கத்தற?" என்று கேட்டுவிட்டு, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, திரையில் முட்டாத குறையாக ஒவ்வொரு காற்புள்ளியையும் பார்ப்பாள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஸ்பிரிங் செய்யும் கம்பெனி. பதினாறு வருடம் கேஜ் வைத்து ஸ்பிரிங் அளந்தவள், கம்ப்யூட்டர் அறைக்கு உதவிக்குப் போய், டேட்டாபேஸைக் கேள்வி கேட்கும் க்வெரி மொழியைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டாள். அளக்கிற புத்தி மட்டும் போகவில்லை. எந்த மாற்றத்தையும் முதலில் பத்து வரிக்குத்தான் ஓட்டுவாள். பட்டியலில் மேலிருந்து கீழாக ஓடும் பழைய பத்தியை அழிக்க யாரையும் விடமாட்டாள். பக்கத்தில் புதிதாக ஒரு பத்தி போட்டு அதில்தான் மாற்ற வேண்டும். மேனாம்பேட்டு வீட்டிலும் இதே கெடுபிடி. கேஸ் சிலிண்டர் புத்தகத்தில் மாதத்தை எண்ணால் எழுதியதற்குக் கணவர் வீரராகவன் வாங்கிய பாட்டு தெருவுக்கே கேட்டது. "நாலு, அஞ்சுன்னு எழுதிகீறியே, ஏப்ரலா மேயா? உன் மூஞ்சிய பாத்து கண்டுபுடிக்கணுமா?"

கம்ப்யூட்டருக்கு 01/06/1968 என்பது தேதி அல்ல, வெறும் எழுத்து. எது நாள், எது மாதம் என்று சொல்லிக் கொடுத்தால்தான் அது தேதியாகும். தப்பாகச் சொல்லிக் கொடுத்தாலும் ஆகித் தொலைக்கும். அதுதான் வம்பு.

ஜனவரி மூன்றாம் வாரம், கிரைண்டிங் செக்ஷன் அப்பாவு ஒரு கடிதத்தோடு வந்து நின்றார். ஐம்பத்தெட்டு வயது முடிந்துவிட்டதாம். மாதக் கடைசியோடு ஓய்வாம்.

"இன்னா வசந்தா இது? ஏப்ரல்ல பொண்ணுக்குக் கல்யாணம். வேலையில கீறேன்னு சம்பந்தி ஊட்ல சொல்லி வச்சிகீறேன். இப்ப ஊட்ல குந்திகினு கீறேன்னா சொல்றது?"

"பதறாத அண்ணாத்தே" என்று பட்டியலைத் திறந்தாள். அப்பாவு பிறந்தது 1968, ஜனவரி 6. அவருக்கு மேல் வரியிலும் ஜனவரி 6. கீழ் வரியிலும் அதே. வருடம்தான் வேறு வேறு. எண்ணிப் பார்த்தாள்: அறுபத்து நான்கு பேர்.

வசந்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சரியான பிறந்தநாள் தெரியாமல் பள்ளிக்கு வந்த பிள்ளைகளையெல்லாம் ஜூன் ஒன்றாம் தேதியில் பிறக்க வைத்த தலைமையாசிரியர்களின் புண்ணியத்தில், கம்பெனியில் கால்வாசிப் பேருக்கு அன்றுதான் பிறந்தநாள். நேரே பணியாளர் அதிகாரி கார்த்திகேசனைக் கூப்பிட்டாள். "எந்த எட்மாஸ்டரும் ஜனவரில புள்ள பெக்க மாட்டாரு சார். இன்னா பண்ணி வச்சிகீறீங்க?"

அவள் விடுப்பில் இருந்தபோது, வெறும் எழுத்தாகக் கிடந்த பிறந்தநாட்களைத் தேதியாக மாற்றியவர் அவர்தான். மாதம் முன்னால், நாள் பின்னால் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்.

"எர்ரர் வந்த எல்லாத்தையும் ஒண்ணு விடாம கையால திருத்திட்டேனே, மேடம்!"

"எர்ரர் வந்தது பதிமூணாம் தேதிலேர்ந்து பொறந்தவங்களுக்கு. பதிமூணாவது மாசம் இல்லியேன்னு அது கத்திச்சு. பன்னண்டுக்குள்ள பொறந்தவங்க கம்முனு தலைகீழா பூட்டாங்க. கத்தறத திருத்தறது பெரிய வேலையா சார்? கம்முனு கீறத பாக்கணும்."

"லெட்டர்ல எம்.டி. கையெழுத்தே ஆயிடுச்சே…"

"அப்ப எம்.டி.யவே போய் இவர ஜனவரி ஆறாந்தேதி பெத்துகினு வரச் சொல்லுங்க."

வசந்தா பழைய எழுத்துப் பத்தியை எடுத்தாள். நாள், மாதம், வருடம் என்று வரிசையை எழுதி, முதலில் பத்தே பத்து வரிக்கு ஓட்டினாள். ஆறாவது வரியில் அப்பாவு ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தார். ஒவ்வொரு வரியையும் பள்ளிச் சான்றிதழ் நகலோடு ஒத்துப் பார்த்த பிறகே நிமிர்ந்தாள்.

"மே வரிக்கும் நீ எங்கியும் போவல அண்ணாத்தே. கல்யாணத்த ஜோரா நடத்து."

அப்பாவு இழுத்து மூச்சு விட்டார். "ஆனா நான் பொறந்தது ஐப்பசி மழையிலன்னு எங்கம்மா சொல்லும்…"

"யோவ், வாய மூடு. அதுக்குல்லாம் என்னால க்வெரி எழுத முடியாது."

கார்த்திகேசன் புதுக் கடிதம் அடிக்க உட்கார்ந்தார். பழைய கடிதத்தை அப்பாவு இரண்டாகக் கிழிக்கப் போனார். வசந்தா அதை வெடுக்கென்று பிடுங்கி, பின்பக்கம் திருப்பி மேசையில் வைத்து நீவி, சான்றிதழோடு ஒத்துப் பார்க்க, முதலில் ஜனவரி ஆறில் மாட்டிய மற்ற அறுபத்து மூன்று பேரின் பணியாளர் டோக்கன் எண்களை ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதத் தொடங்கினாள்.